'ஓவர்ரைடு' என்பதற்கு 'மேலெழுதுதல்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு முன்மொழியப்பட்டுள்ள தமிழ்க் கலைச்சொற்களில் இனக்குழு (கிளாஸ்), வழிமுறை (மெத்தட்), மரபுரிமம் (இன்ஹெரிட்டன்ஸ்) ஆகியவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஓர் இனக்குழுவிலிருந்து பிறக்கும் இன்னொன்று, தான் மரபுரிமமாகப் பெற்ற வழிமுறையைத் தனக்கேற்ப வேறாக வரையறுத்துக்கொள்வதே 'ஓவர்ரைடு'. ஆனால் அதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'மேலெழுதுதல்' மாணவர்களைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும் என அஞ்சுகிறேன். ஒரு கோப்பின் மீது இன்னொன்றை மேலெழுதினால் பழையது அழிந்துபோகும். அந்தப் பொருளில்தான் அச்சொல்லை ஏற்கெனவே ஆண்டு வருகிறோம்.

ஓவர்ரைடில் எதுவும் அழிவதில்லை. 'பேருந்து' என்னும் இனக்குழுவில், தொலைவைக் கொண்டு கட்டணம் கணக்கிடும் வழிமுறை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து பிறக்கும் 'விரைவுப்பேருந்து', அதே பெயரில் தனக்கென ஒரு வழிமுறையை வரையறுத்துக்கொண்டு, அதனுள்ளிருந்தே 'சூப்பர்' (மூல இனக்குழுவைச் சுட்டும் குறிச்சொல்) வழியாக மூல வழிமுறையை அழைத்து, கிடைத்த தொகையோடு கூடுதல் கட்டணத்தைச் சேர்க்கலாம். சாதாரணப் பேருந்துகளுக்குப் பழைய கணக்கே செல்லும். எது இயங்க வேண்டும் என்பதை, இயக்க நேரத்தில் அந்தப் பொருள் (ஆப்ஜெக்ட்) எந்த இனக்குழுவைச் சேர்ந்தது என்பதே முடிவு செய்கிறது. நார்வேயில் தாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியின் 'வெர்ச்சுவல்' (வழிவரும் இனக்குழு வேறாக வரையறுக்கக்கூடிய) செயல்முறைகளிலேயே இக்கருத்து இருக்கிறது.

உண்மையான மேலெழுதுதல் வேறிடத்தில் நடக்கிறது. பைத்தானில் ஓர் இனக்குழுவுக்குள்ளேயே ஒரே பெயரில் இரண்டு வழிமுறைகளை எழுதினால், பின்னது நிற்கும், முன்னது போய்விடும். அச்சொல்லை இதற்கென ஒதுக்கிவைக்கலாம்.

நன்னூல், முதல்நூலைப் பின்பற்றி எழும் வழிநூலின் இலக்கணத்தை "முன்னோர் நூலின் முடிபொருங் கொத்துப் பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி" என்று தொடங்குகிறது. முடிபு ஒத்தல் மரபுரிமம் என்றால், விகற்பம் (வேறுபாடு) கூறுதலே ஓவர்ரைடு. முதல்நூலுக்கோ ஒரு குறையும் வருவதில்லை. எனவே 'விகற்பித்தல்' என்பதை முன்வைக்கிறேன். (இதே வழியில் அடிப்படை இனக்குழுவை 'முதல்வகுப்பு' என்று அழைக்கலாமா என்றும் எண்ணினேன், ரயில் பயணச்சீட்டு நினைவுக்கு வந்ததும் கைவிட்டேன்.)

விகற்பம் வடசொல் என்பதும், பேச்சு வழக்கில் அதற்கு மனக்கசப்பு என்னும் சாயல் உண்டு என்பதும் நியாயமான தடைகளே. ஐஃபெல் மொழியின் 'ரீடிஃபைன்' என்னும் குறிச்சொல்லை ஒட்டி 'மறுவரையறுத்தல்' எனலாம். தெளிவான சொல்தான், ஆனால் மேற்சொன்ன பைத்தான் நிகழ்வையும் அது தன்னுள் இழுத்துக்கொள்ளும். கிளைச்சொற்களையும் பார்க்க வேண்டும்: விகற்பித்த வழிமுறை, விகற்பிக்கும் இனக்குழு, ஜாவாவில் 'ஃபைனல்' என்று குறிக்கப்படும் விகற்பிக்கவியலா வழிமுறை. கடைசிச் சொல் நாவில் சற்றே இடறுகிறது. அதற்குச் சுருக்கமான வடிவம் தோன்றினால் எழுதுங்கள்.