பழைய தேக்கு வீட்டில் நடுராத்திரி விழிப்பு

கேள்வி (மோல்மீன், பர்மா):
தாத்தா காலத்து வீடு இது. தேக்குத் தூண், தேக்குப் பலகை, மேலே தகரம். அத்தையைப் பார்த்துக்கொள்ள ரங்கூனிலிருந்து வந்திருக்கிறேன். அங்கே தெருவில் ஜெனரேட்டர் ஓடினாலும் தூங்கிவிடுவேன், இங்கே நடுராத்திரி விழிப்புத் தட்டினால் விடியும்வரை தூக்கமில்லை. தலைக்கு மேல் யாரோ நடப்பதுபோல் டக்... டக், பிறகு ஒன்றுமே இல்லை, அடுத்தது எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். அத்தைக்குக் காது மந்தம். சொன்னால் "முனி நடமாட்டம், திருநீறு பூசிக்கொண்டு படு" என்கிறார். உங்கள் வீடுகளிலும் இப்படியா?

பதில் (பெகு):
தம்பி, அது தகரமும் மரமும். எங்கள் வீட்டிலும் மழை முடிந்து பனி விழத் தொடங்கும் மாதங்களில்தான் அதிகம். பகல் வெயிலில் நீண்ட தகரம் ராத்திரி குளிர்ந்து சுருங்கும், 5 மீட்டர் தகடு 20 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆணி பிடித்திருப்பதால் நழுவ முடியாமல் இழுத்து இழுத்து ஒரு நேரம் சட்டென்று விடும், அதுதான் டக். ஈரம் வற்றும் பலகையும் அப்படித்தான். ஆனால் சுவரைத் தட்டியதும் உள்ளிருந்து படபடவென்று பதில் வந்தால் கறையான். சிப்பாய்க் கறையான் தலையை மரத்தில் மோதி மற்றவற்றை எச்சரிக்கும். வைரம் பாய்ந்த தேக்கை அது லேசில் தொடாது, பின்னாளில் ஒட்டுப்போட்ட மட்ட மரத்தைத் தின்றுவிடும். கதவு நிலைகளைப் பகலில் ஆணியால் குத்திப் பாருங்கள்.

பதில் (மாண்டலே):
ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு லப்பெட் உண்டா? அது ஊறவைத்த தேயிலைதானே, டீ போலவே கஃபீன் இருக்கிறது, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் விழித்திருக்க அதைத்தான் தின்பார்கள். உடம்பில் அதில் பாதி இறங்கவே சுமார் 5 மணி நேரம் ஆகும், மதியத்தோடு நிறுத்துங்கள். அப்புறம், விழிப்பு வருவது நோயில்லை. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வரும், சுற்று மாறும் இடத்தில் எல்லோருக்கும் லேசாகக் கலையும். படுத்துப் புரளாமல் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் மட்டும் பாய்க்குத் திரும்புங்கள். போனைத் தொடவே வேண்டாம்.

பதில் (ரங்கூன்):
அத்தை பேச்சையும் தட்டாதீர்கள். எங்கள் பாட்டி திருநீறு பூசித்தான் எங்களைப் படுக்கவைப்பார், இன்றும் ராத்திரி விழித்தால் என் கை தானாக நெற்றிக்குப் போகும், படபடப்பு அடங்கும். தகரம் என்று தெரிந்தாலும் இருட்டில் தனியாகக் கேட்கும்போது பயம் வரத்தான் செய்யும்.

கேள்வி கேட்டவர்:
லப்பெட் தினமும் உண்டு அக்கா, பூண்டும் வறுத்த பயறும் சேர்த்து அத்தை கையால். இனி மதியமே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். சமையலறை நிலை ஒன்று பிற்பாடு மாற்றியதுதான், காலையில் குத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.