குழந்தையின் முதற்பொருத்தம்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். புதுச்சொல்லை ஓரிரு முறை கேட்டதுமே குழந்தை அதற்கும் ஒரு கருத்துக்கும் இடையே உண்டாக்கிக்கொள்ளும் தொடர்பைக் குறிக்கும் ‘ஃபாஸ்ட் மேப்பிங்’ என்னும் உளமொழியியல் வழக்குக்கு இதுவரை இங்கு வந்துள்ள விரைவுப் படமாக்கல், விரைதொடுப்பு, உடன்பற்றல் ஆகிய மூன்று பரிந்துரைகளையும் படித்தேன். மூன்றும் நிகழ்வின் வேகத்தையே முன்னிறுத்துகின்றன. தமிழில் அந்த வேகத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு முன், வழக்கு எதைக் குறிக்கப் பிறந்தது என்பதைப் பார்த்துவிடுவது நல்லது.

1978இல் வெளிவந்த ஆய்வில் சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு ‘குரோமியம்’ என்ற ஒரு புதிய நிறப்பெயரைப் பாடமாக நடத்தாமல், பேச்சுவாக்கில் அறிமுகப்படுத்தினார்கள். மழலையர் பள்ளியில் இரண்டு தட்டுகள் இருக்கும். ஒன்று நீலம், மற்றொன்று பச்சையென்றும் பழுப்பென்றும் சொல்லிவிட முடியாத ஆலிவ் நிறம். ஆசிரியர் வேறு வேலைக்கிடையே, நீலத் தட்டு வேண்டாம், குரோமியம் தட்டை எடுத்து வா என்பார். குழந்தை சரியான தட்டை எடுத்து வரும். அதில் வியப்பில்லை, நீலம் எதுவென்று தெரிந்த குழந்தைக்கு மற்றது எதுவென்று ஊகிப்பது கடினமன்று. வியப்பு பிறகுதான் வருகிறது. நாள்கள் கழித்துச் சோதித்தபோது, அச்சொல்லை ஓரிரு முறையே கேட்டிருந்த குழந்தைகளில் பலர் அதை ஒரு நிறப்பெயர் என்ற அளவில் மனத்தில் இருத்தியிருந்தார்கள். எந்த நிறத்துக்கு உரியது என்பதுதான் பலருக்கும் தெளிவாகவில்லை.

கேரி இதிலிருந்து இரண்டு கட்டங்களைப் பிரித்துக் காட்டினார். சில முறை கேட்டதிலேயே சொல்லுக்கும் கருத்துக்கும் இடையே உண்டாகும் அரைகுறையான தொடர்பு முதற்கட்டம், இதுவே ‘ஃபாஸ்ட் மேப்பிங்’. அச்சொல் தன் அண்டைச் சொற்களிடமிருந்து எல்லை பிரித்துக்கொண்டு முழுப்பொருள் பெறும் வரை மாதக்கணக்கில் நீளும் காலம் இரண்டாம் கட்டம். முதற்கட்டத்தின் பெயர் பரவிய அளவுக்கு இரண்டாவதன் பெயர் பரவவில்லை. அதனால்தான் குழந்தைகள் ஒருமுறை கேட்டே சொல்லைக் கற்றுவிடுகிறார்கள் என்னும் எண்ணம் பொதுவெளியில் வேரூன்றிவிட்டது. 2008இல் ஹார்ஸ்ட், சாமுவெல்சன் இருவரும் 24 மாதக் குழந்தைகளிடம் செய்த சோதனை இந்த எண்ணத்துக்கு நேரெதிரானது. பெயர் தெரிந்த இரண்டு பொருள்களுக்கு நடுவே பெயர் தெரியாத ஒன்றை வைத்துப் புதுச்சொல்லைச் சொன்னால், குழந்தைகள் சரியாகப் புதுப்பொருளையே எடுத்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது அந்தப் பெயர் அவர்களிடம் தங்கவில்லை. பொருளைக் கையிலெடுத்துக் காட்டிப் பெயர் சொன்னபோதுதான் நினைவு நின்றது.

ஆகவே, ‘விரைவு’ என்று தொடங்கும் கலைச்சொல் மூலவழக்கின் குறையைத் தமிழிலும் நிலைநிறுத்திவிடும். நாம் புதிதாக ஆக்கும்போது அந்தக் குறையையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய தேவையில்லை.

இனி ஒவ்வொன்றாக. ‘படமாக்கல்’ கணிதத்தில் பொருந்தலாம். குழந்தை வளர்ப்பைப் பற்றிய கட்டுரையில் அதைப் படிப்பவர் குழந்தையைப் படம் எடுப்பதாகவே நினைப்பார். ‘விரைதொடுப்பு’ கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘தொடுப்பு’ என்பதற்குப் பேச்சுவழக்கில் என்ன பொருள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ‘விரை’ என்பதோ விதையையும் மணத்தையும் குறிக்கும், மருத்துவ நூல்களில் வேறோர் உறுப்பையும் குறிக்கும். இரண்டையும் சேர்த்துக் குழந்தையியல் கட்டுரையில் அச்சிடும் துணிவு எனக்கில்லை. ‘உடன்பற்றல்’ மூன்றிலும் மேலானது. எனினும் ‘உடன்’ என்பது உடன்பிறப்பு, உடன்பாடு போன்ற கூட்டுகளில் ‘சேர்ந்து’ என்ற பொருளையே தருவதால், இருவர் சேர்ந்து பற்றுவதாகப் படிக்க இடமுண்டு.

‘மேப்பிங்’ என்பதற்கு நான் முன்வைப்பது ‘பொருத்தல்’. இடப்பக்கச் சொற்களை வலப்பக்கத்தில் உரியவற்றோடு இணைக்கச் சொல்லும் ‘பொருத்துக’ என்ற வினாவைப் பள்ளியில் எழுதாத தமிழர் அரிது. கணிதத்தில் உள்ள கருத்தும் அதிலிருந்து தொலைவில் இல்லை. சரியாகவும் பொருத்தலாம், தவறாகவும் பொருத்தலாம் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ‘பிணைப்பு’ என்றால் வேதியியலின் உறுதியான கட்டு நினைவுக்கு வரும். இங்கு நமக்கு வேண்டியது அவிழக்கூடிய கட்டு. எனவே முதற்கட்டத்துக்கு ‘முதற்பொருத்தம்’ என்றும், நீண்டு செல்லும் இரண்டாம் கட்டத்துக்குத் ‘தொடர்பொருத்தம்’ என்றும் இணையாக ஆக்கலாம். இரண்டையும் ஒருசேரப் புழக்கத்தில் விட்டால், ஒன்றைச் சொல்லும்போதே மற்றது எங்கே என்ற கேள்வி எழும்.

‘சொற்பொருள் பொருத்தம்’ என்று விரித்து எழுதலாமே என ஓர் அம்மையார் கேட்டிருந்தார். தமிழில் ‘பொருள்’ என்பது கையில் எடுக்கும் பண்டத்தையும் சொல்லின் அர்த்தத்தையும் ஒருங்கே குறிக்கிறது. இத்துறையிலோ அவ்விரண்டையும் பிரிப்பதுதான் முழுச் சிக்கலே. சமையலறையில் தம்ளரும் முறுக்கு அச்சும் கிடக்க, ‘அச்சை எடு’ என்றால், தம்ளரை அறிந்த குழந்தை மற்றதை எடுத்துவிடும். ஆனால் ‘அச்சு’ என்பது அந்த ஒரு பண்டத்தின் பெயரா, அவ்வகை முழுவதன் பெயரா, அதன் பித்தளை நிறமா, துளைகளா என்பதை அந்தக் கணம் தீர்த்துவைப்பதில்லை. 1960இல் தத்துவவாதி குவைன், முயல் ஓடும்போது ஊர்க்காரர் ‘கவகாய்’ என்று சொல்வதைக் கேட்டு, அச்சொல் எதைக் குறிக்கிறதென்று திகைக்கும் அயலவரைக் கொண்டு எழுப்பிய கேள்வியும் இதுவே. குழந்தை முழுப்பண்டத்தையே பெயருக்குரியதாகக் கொள்கிறது, ஒரு பண்டத்துக்கு ஒரே பெயர் என்று எடுத்துக்கொள்கிறது, வடிவம் ஒத்தவற்றுக்குப் பெயரை நீட்டுகிறது என்றெல்லாம் எலன் மார்க்மனும் பார்பரா லாண்டோவும் பிறரும் 1980களில் காட்டியவை இக்கேள்விக்கான விடைகளே. ஆகவே இத்துறைக் கட்டுரைகளில் கண்ணால் காண்பதற்குப் ‘பண்டம்’ என்றும், சொல் உணர்த்துவதற்குப் ‘பொருள்’ என்றும் எழுதுவதைக் குழு ஏற்றுக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். பண்டம் என்றால் தின்பண்டம் நினைவுக்கு வருமே என்பவர்களுக்குப் ‘பருப்பொருள்’ உள்ளது. எனக்கு அது சற்று நீளமாகப் படுகிறது.

இதனோடு சேர்ந்த ‘கிராஸ் சிச்சுவேஷனல் லேர்னிங்’ என்பதற்குப் ‘பல்சூழல் கற்றல்’ போதுமென நினைக்கிறேன். 12, 14 மாதக் குழந்தைகள்கூட, ஒரு சூழலில் எந்தச் சொல் எந்தப் பண்டத்துக்கு உரியதெனத் தெரியாவிட்டாலும், பல சூழல்களை ஒப்பிட்டுத் தேர்வதை லிண்டா ஸ்மித்தும் சென் யூவும் 2008இல் காட்டினார்கள். வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மரபினரான மீமாம்சகர்கள் இதற்கு நெருங்கிய ஒன்றைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்திருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் மற்றவரிடம் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார். பிறகு ‘பசுவைக் கட்டு’, ‘குதிரையைக் கொண்டு வா’ என்கிறார். பார்த்திருக்கும் குழந்தை எந்தச் சொல் மாறும்போது எது மாறுகிறது என்று கவனித்துச் சொற்களின் பொருளைப் பிரித்தறிகிறது. சொல் நுழைவதையும் விலகுவதையும் அவர்கள் ஆவாபம், உத்வாபம் என்றார்கள். தமிழில் இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ‘பல்சூழல்’ என்ற கூட்டுக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பசுவும் குதிரையும் தட்டையும் தம்ளரையும் விடப் பொருத்தமாக அமையும்.

வினைவடிவம் ஒன்றுதான் மிச்சம். ‘குழந்தை முதற்பொருத்துகிறது’ என்பது நாவில் இடறுகிறது. ‘குழந்தை சொல்லை முதற்பொருத்தம் செய்கிறது’ என்று எழுதலாம், நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைவிடச் சுருக்கமான வினை யாருக்கேனும் தோன்றினால், மேற்கண்ட இரு பெயர்களோடும் இணங்குகிறதா என்று பார்த்து எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.