அவசரம்: இருட்டுல மின்னுற மிட்டாய் கவர் தீப்புடிக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

திருமங்கலம் பெட்டிக்கடை (இரவு 9:48)
வணக்கம். கடைக்கு புது ஐட்டம் எடுத்துருக்கேன், இருட்டுல பச்சையா மின்னுற மிட்டாய், கவரே மின்னுது. அழகர் எதிர்சேவைக்கு மச்சான் தல்லாகுளத்துல கடை போடுறாரு, விடிய விடிய புள்ளைக முழிச்சிருக்கும்ல நல்லா ஓடும்னு சொல்லி கீழமாசி வீதியில பெரிய பெட்டியாவே எடுத்தாச்சு. இப்ப வீட்டுக்காரம்மா இது பாஸ்பரஸ்ஸு, தானா பத்திக்கும், வீட்டுல வைக்காதனு ஒரே சண்டை. பெட்டிய தொட்டா லேசா சூடா வேற இருக்கு, ஒருமாதிரி வாடையும் வருது. புடிக்குமா புடிக்காதா? சட்டுனு சொல்லுங்க, தூங்கணும்.

வைகைக்கரையான் (9:55)
எப்படி மின்னுதுனு சொல்லாம என்னத்த சொல்றது தம்பி. லைட்ட அணைச்சதும் தானா மின்னுதா, எங்கயாச்சும் அமுக்குனா மின்னுதா, இல்ல குழாய் மாதிரி இருந்து ஒடிச்சா மின்னுதா? மூணும் வேற வேற. ஒரு போட்டோ போடுங்க.

ஜிகர்தண்டா (9:57)
மிட்டாய் பத்துதோ இல்லையோ வீடு ஏற்கனவே பத்திக்கிச்சு போலயே அண்ணே

முன்னாள் வாத்தியார் (10:04)
தேடிப் பாத்துட்டுக் கேக்குற பழக்கம் இங்க யாருக்குமே கிடையாது. சரி, எட்டாங்கிளாஸ் பையனுக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். வெள்ளை பாஸ்பரஸ் காத்துபட்டா இருட்டுல பச்சையா ஒளிரும். 1669-ல ஜெர்மனியில ஹென்னிக் பிராண்ட்ங்கிறவர் மூத்திரத்தக் காய்ச்சிக் கண்டுபிடிச்சது. 30 டிகிரி சொச்சத்துலயே தானா தீப்பிடிக்கும், பூண்டு வாடை அடிக்கும். கேட்டவர் வாடை பூண்டு மாதிரியா இல்லையானு மட்டும் சொல்லட்டும், மீதிய நான் பாத்துக்கிறேன்.

திருமங்கலம் பெட்டிக்கடை (10:06)
சார் பூண்டு வாடையேதான் சார்!!! இப்ப என்ன பண்றது

முன்னாள் வாத்தியார் (10:07)
சொன்னேன்ல. தொடாதீங்க. மணல் இருந்தா மேல கொட்டுங்க.

சாத்தூர்_பய (10:11)
யோவ் ராத்திரி நேரத்துல மனுசன பயமுறுத்தாதீங்கய்யா. வெள்ளை பாஸ்பரஸ்னா தண்ணிக்குள்ள முக்கித்தான் வச்சிருக்கணும், இந்த சித்திரை வெயில்ல கீழமாசி வீதியில வண்டி ஏத்துனா திருப்பரங்குன்றம் தாண்டுறதுக்குள்ள பெட்டி சாம்பலாயிருக்கும். தீக்குச்சியிலயே அதப் போடக்கூடாதுனு 1913-லயே சட்டம் போட்டு நிப்பாட்டியாச்சு. அதப் போயி மிட்டாய் கவர்ல எவன் பூசுவான்? விலை கட்டுமா மொதல்ல?

மேலூர் எலெக்ட்ரீசியன் (10:13)
பெட்டி எங்கிட்டு வச்சிருக்கீங்க? மேல என்ன கூரை? பக்கத்துல என்னென்ன இருக்கு? சூடுனு சொல்றீங்களே அந்தப் பெட்டி மட்டுமா இல்ல எல்லா பெட்டியுமா? இதெல்லாம் சொல்லணும்ணே.

திருமங்கலம் பெட்டிக்கடை (10:20)
வீட்டுக்குப் பின்னாடி தகர ஷீட்டு போட்ட ரூமு, ஸ்டாக் பூராம் அங்கதேன். எண்ணெ டின்னு, ஊதுவத்தி பண்டலு, பூண்டு மூட்டை, சோப்பு பெட்டி. எல்லா பெட்டியும் சூடாத்தான் இருக்கு. பூண்டு மூட்டை மேலதேன் மிட்டாய் பெட்டி இருக்கு. அதான் வாடையா?

ஜிகர்தண்டா (10:21)
கடவுளே. மணல் கொட்டிட்டாரா இன்னும் இல்லையா

திருமங்கலம் பெட்டிக்கடை (10:22)
இல்ல தம்பி மணல் கிடைக்கல

ஸ்டிக்கர் கடை சிம்மக்கல் (10:29)
வாத்தியார் ஐயா சொல்றது வேற, இது வேற. லைட்டு பட்டா அத உள்ள வாங்கி வச்சுக்கிட்டு இருட்டுல மெதுவா விடுற பவுடர் இது. பழைய சரக்குனா ஜிங்க் சல்ஃபைடு, சீக்கிரம் மங்கிரும். இப்ப வர்றதுல நல்லது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், ராத்திரி ரொம்ப நேரம் நிக்கும். அது 1000 டிகிரிக்கு மேல சூளையில வெந்து வந்த பொடி, அதுக்கு மேல எரியுறதுக்கு அதுல ஒண்ணும் கிடையாது. கரண்டு போயி புகை சூழ்ந்தாலும் வழி தெரியணும்னு மாட்டுற எக்ஸிட் போர்டுலயே இந்தப் பொடிதான், அது பத்திக்கும்னா அத அங்க மாட்டுவாங்களா. டெஸ்ட்டு ரொம்ப ஈஸி. ஒரு மிட்டாய எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடி வைங்க. காலையில இருட்டு ரூம்ல திறந்தா மங்கிருக்கணும், செல்போன் டார்ச்ச கொஞ்ச நேரம் அடிச்சா திரும்ப பளிச்சுனு வரணும். அப்படி வந்தா பொடிதான், நிம்மதியா தூங்குங்க.
ஆனா ஒண்ணு, பொடி எரியாதே தவிர கவரு பிளாஸ்டிக்கு. நெருப்பு பட்டா எந்த மிட்டாய் கவரும் உருகி ஒழுகி எரியத்தான் செய்யும். மின்னுறது மின்னாதது எல்லாம் ஒரே கதைதான்.

முன்னாள் வாத்தியார் (10:34)
ஸ்டிக்கர் வெட்டுறவரெல்லாம் வேதியியல் நடத்துற காலம். நான் சொன்னது பாஸ்பரஸின் பொதுவான தன்மை, இந்த மிட்டாயில இருக்குனு எங்கயும் சொல்லல. தீக்குச்சி மண்டையிலயும் பாஸ்பரஸ்தானே இருக்கு, அதக் கடையில விக்கலயா?

சாத்தூர்_பய (10:37)
இதுக்குத்தான் காத்திருந்தேன். தீக்குச்சி மண்டையில பாஸ்பரஸ் கிடையாதுங்க ஐயா. மண்டையில பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், பசை. சிவப்பு பாஸ்பரஸ் இருக்குறது பெட்டி சைடுல பூசுற மருந்துல, கண்ணாடித் தூளோட சேத்து. ரெண்டும் ஒரசுனாத்தேன் தீ. எங்க ஆத்தா குச்சி அடுக்கித்தான் எங்கள வளத்துச்சு, இத எனக்குப் பாடம் எடுக்காதீங்க.

முன்னாள் வாத்தியார் (10:41)
எங்க ஒரசினாலும் பத்துற குச்சினு ஒரு வகை இருக்கு. அதுல மண்டையிலயே பாஸ்பரஸ் சல்ஃபைடு உண்டு. உலகம் சாத்தூரோட முடிஞ்சுறல.

சாத்தூர்_பய (10:43)
அந்தக் குச்சிய நீங்க திருமங்கலத்துல எந்தக் கடையில வாங்குனீங்க? நம்மூர் பெட்டியப் பத்தித்தான பேசுறோம்

வைகைக்கரையான் (10:45)
அந்தாளு தூங்கணும்னு கேட்டாரு, நீங்க ரெண்டு பேரும் தீக்குச்சிய உரசிக்கிட்டு இருக்கீங்க. தம்பி, கவரப் பிரிச்சுப் பாத்தீங்களா? உள்ள என்ன இருக்கு?

திருமங்கலம் பெட்டிக்கடை (11:02)
பிரிச்சேன். கவரு மேல பச்சை பொம்மை அதான் மின்னுது, டார்ச்சு அடிச்சா ஜாஸ்தி மின்னுது. உள்ள குச்சி மிட்டாய், குச்சிக்கு பதிலா பிளாஸ்டிக் கைப்பிடி, பட்டன் அமுக்குனா சிவப்பு லைட்டு நீலம் லைட்டு மாறி மாறி எரியுது. பின்னாடி மூடிய நகத்தால நெம்புனாலே கழண்டுருச்சு, குட்டி வட்ட பேட்டரி மூணு. எல்ஆர் 41னு போட்டுருக்கு. இத மொதல்லயே சொல்லணுமா? கவரத்தான கேட்டேன்

மேலூர் எலெக்ட்ரீசியன் (11:08)
ஆமாண்ணே, கதையே அதுதான். ஒண்ணு 1.5 வோல்ட்டு, மூணு சேந்தா 4.5. பெட்டிக்குள்ள பட்டன் அமுங்கி லைட்டு எரிஞ்சுக்கிட்டே கிடந்தா பேட்டரி தீந்துபோகும், அம்புட்டுதேன், சின்ன எல்ஈடிக்கு தீப்புடிக்கிற அளவு கரண்டெல்லாம் இழுக்காது. மூடி கழண்டு பேட்டரி பூராம் ஒரே இடத்துல கொட்டிக் கிடந்து ஜிகினாப் பேப்பரோ இரும்போ பட்டா ஷார்ட் ஆகி சூடாகும், ஒழுகவும் செய்யும். வெள்ளையா பூத்திருந்தா வெறுங்கையால தொடாதீங்க. இதவிடப் பெரிய தட்டை லித்தியம் பேட்டரி, 2032னு போட்டிருக்கும், அதுல ஷார்ட்டுனா இன்னும் மோசம். உங்க பெட்டி சூட்டுக்கு தகர ஷீட்டுதான் காரணம். பகல் பூராம் வாங்குன வெயில ராத்திரி இறக்குது. ஆமா, அந்த ரூம்ல வேற என்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?

திருமங்கலம் பெட்டிக்கடை (11:11)
எல்லாம் சொல்லிட்டேனே. மேல் தட்டுல தீபாவளிக்கு மிஞ்சுன துப்பாக்கி பொட்டு டப்பா, கொஞ்சம் கம்பி மத்தாப்பு. அது பழசு, நவுத்தே போயிருக்கும்.

சாத்தூர்_பய (11:12)
என்னது

சாத்தூர்_பய (11:15)
யோவ் மின்னுற மிட்டாய விடுய்யா. இவ்வளவு நேரம் பாஸ்பரஸ் எங்க எங்கனு தேடுனோமே, அந்தப் பொட்டுக்குள்ளதான்யா இருக்கு. சிவப்பு பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும் ஒண்ணா சேந்தது, தட்டுனாலே வெடிக்கணும்னுதான் செய்யிறது. தீப்பெட்டியில ரெண்டையும் தனித்தனியா வைக்கிறதே அந்தப் பயத்துக்குத்தேன். அத தகர ஷீட்டுக்கு அடியில எண்ணெ டின்னு ஊதுவத்தியோட வச்சுக்கிட்டு கவரு தீப்புடிக்குமானு கேக்குறீங்க. பழசுன்னா நவுத்துப்போகும்னு நம்பி எத்தன பேரு கைய விட்டுருக்கான் தெரியுமா எங்க பக்கம். நசுக்காம, ஒரசாம, உலுக்காம டப்பாவோட மெதுவா எடுத்து வெளிய வாளித் தண்ணிக்குள்ள முக்குங்க. மத்தாப்பையும் சேத்து. விடிஞ்சதும் ஃபயர் ஸ்டேஷன்ல கேட்டு அவங்க சொல்றபடி ஒழிச்சுக்கட்டுங்க.

முன்னாள் வாத்தியார் (11:19)
சிவப்பு பாஸ்பரஸ்னு இப்ப நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் பாஸ்பரஸ்னு சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்க.

ஜிகர்தண்டா (11:20)
ஐயா நீங்க பூண்டு மூட்டைக்கு மணல் கொட்டச் சொன்னீங்க

வைகைக்கரையான் (11:24)
வீட்டுல பட்டாசு ஸ்டாக் வைக்க வெடிபொருள் சட்டப்படி லைசென்ஸ் வேணுமானும் கேட்டுக்கங்க தம்பி. நாளைக்கு ஏதாச்சும்னா இன்சூரன்ஸ்காரனும் கைவிரிச்சிருவான்.

நைட் டூட்டி அக்கா (11:40)
இப்பத்தான் பாக்குறேன், வார்டுல கொஞ்சம் ஓஞ்சிருக்கு. தம்பி, தீயெல்லாம் அவங்க பாத்துக்கிட்டாங்க, நான் அந்தப் பேட்டரிக்கு வர்றேன். நகத்தால நெம்புனா கழண்டுருச்சுனு சொன்னீங்களே, அதப் படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிருச்சு. மிட்டாய் சப்பிக்கிட்டே கையில வச்சிருக்குற சாமான்ல அந்த மாதிரி மூடியா? புள்ள முழுங்கி தொண்டைக் குழாயில சிக்குச்சுனா எச்சிலோட சேந்து கரண்டு பாஞ்சு அந்த இடம் வெந்துபோகும், ரெண்டு மணி நேரமே போதும். தட்டை லித்தியம்தான் ரொம்பக் கொடுமை, இந்தக் குட்டி பல நேரம் வயித்துக்கு இறங்கிரும், ஆனா மூக்குல காதுல திணிச்சுக்கிட்டா இதுவும் புண்ணாக்கிரும். தீந்துபோன பேட்டரினாலும் விட்டுறாதீங்க, அதுலயும் மிச்சம் இருக்கும். யாராச்சும் முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் சோத்து உருண்டைனு அமுக்காதீங்க, நேரா எக்ஸ்ரே எடுக்குற ஆஸ்பத்திரிக்கு வாங்க. புள்ள சும்மா எச்சில் ஒழுக்கிக்கிட்டு சாப்பிட மாட்டேங்கும், வீட்டுல சளினு நினைச்சுக்குவாங்க.
பொம்மைனா 2021 ஜனவரியிலருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கணும். கவர்ல அந்த முத்திரை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) நம்பர், செஞ்சவன் இல்ல இறக்குமதி பண்ணவன் விலாசம் எல்லாம் இருக்கானு பாருங்க. கடையில ஏற்கனவே வித்துட்டீங்களா?

ஸ்டிக்கர் கடை சிம்மக்கல் (11:46)
அக்கா சொல்றது சரி. சாமி பாக்க வர்ற கூட்டத்துல, இருட்டுல, கீழ விழுந்த பேட்டரிய எவன் தேடுவான்.

முன்னாள் வாத்தியார் (11:52)
எங்க ஒரசினாலும் பத்துற குச்சி பத்தி இன்னும் யாரும் பதில் சொல்லல.

சாத்தூர்_பய (11:53)
தூங்குங்கய்யா

திருமங்கலம் பெட்டிக்கடை (மறுநாள் மதியம் 1:15)
பொட்டு மத்தாப்பு தண்ணியில. ஸ்டேஷன்ல கேட்டாச்சு, வாளியோட கொண்டாரச் சொன்னாங்க. மிட்டாய் கவர்ல எந்த நம்பரும் இல்ல, மொத்தக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டேங்குறான், பேசிக்கிட்டு இருக்கேன். தல்லாகுளத்துக்கு அனுப்பல. மச்சான் கோச்சுக்கிட்டாரு. எல்லாருக்கும் நன்றி.

நைட் டூட்டி அக்கா (1:40)
நல்லது தம்பி. ஆனா நான் கேட்டதுக்கு பதில் வரல. எத்தன வித்துருக்கு? யாராருக்குனு ஞாபகம் இருந்தா தெருப் புள்ளைகள்ட்ட சொல்லி அந்தக் கைப்பிடிய மட்டும் திரும்ப வாங்கிருங்க, பதிலுக்கு வேற மிட்டாய் குடுங்க.

ஜிகர்தண்டா (2:05)
அண்ணே ஆன்லைன்லதான இருக்கீங்க, அக்காவுக்குச் சொல்லுங்க