முயல் ஓட்ட வந்த நாய்களும் காட்டு எல்லைக் கல்லும்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

மாரண்டஹள்ளி கொல்லைக்காரன்

காணும் பொங்கல் சாயங்காலம். கேழ்வரகு அறுத்து முடித்த கொல்லையில் தாள் மட்டும் நின்றது. ஏரிப் புறம்போக்குப் பக்கமிருந்து விசில் கேட்டது. ஒட்டிய வயிறும் நீண்ட மூஞ்சியுமாக நாலைந்து நாய்கள், பின்னால் பையன்கள். என்ன வேட்டை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

முயல் வரப்பின் மேலேயே என்னைப் பார்த்து ஓடி வந்தது. என் காலுக்கு ஒரு முழம் தள்ளிப் பதுங்கிவிட்டது. காது இரண்டும் முதுகோடு ஒட்டியிருந்தன. விலா மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணா, அசையாதீங்க! அப்படியே நில்லுங்க!"

நான் வேண்டுமென்றேதான் காலை நகர்த்தினேன். முயல் வேலிக்கு அடியில் புகுந்து போய்விட்டது. பின்னால் வந்த வெள்ளை நாயால் வேகத்தை அடக்க முடியவில்லை. முள்கம்பியில் நெஞ்சோடு போய் மோதியது. தோல் கிழிந்து தொங்கியது. அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நாயை மடியில் கிடத்திக்கொண்டு, "கோணி ஊசி இருக்குதாண்ணா? நூல் இருந்தாலும் குடுங்க" என்றான். மோட்டார் கொட்டகையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே தைத்தான். நாய் முனகக்கூட இல்லை. ஊசி ஏறும்போதும் அது வேலிக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

போகும்போது, "யாரைக் கேட்டு இறங்கினீங்க?" என்றேன். "நாங்க ஏரிப் பொறம்போக்குலதாண்ணா வந்தோம். முயல்தான் உங்க கொல்லையில ஏறுச்சு" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னும் யோசிக்கிறேன். காடு, புறம்போக்கு, பட்டா என்று மூன்று மாதிரி நிலம் ஒட்டி ஒட்டிக் கிடக்கிற ஊர் நம்முடையது. நாய்க்கு அதெல்லாம் தெரியாது, சரி. கூட வருகிற ஆளுக்குமா தெரியாது? உங்கள் பக்கம் நடந்ததை எழுதுங்கள்.

ஜவளகிரி ரோடு

எனக்கு முயல் இல்லை, யானை. தக்காளித் தோட்டத்துக் காவலுக்குப் போயிருந்தோம். எங்கள் பங்காளி ஒருவர் நாயை அவிழ்த்துக் காட்டு ஓரமாக விட்டார். முயலோ பன்றியோ ஏதாவது கிளம்பும் என்று நினைத்தார். உள்ளே போன நாய் கத்தியது, அப்புறம் சத்தமே இல்லை. திடீரென்று மரம் முறிகிற சத்தம். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு நேராக அவர் காலுக்கு இடையில் வந்து புகுந்தது. அதன் பின்னாலேயே யானை வந்தது.

பயந்த நாய் எசமானிடம்தானே ஓடிவரும். துரத்துகிற யானையையும் கூடவே கூட்டி வந்துவிடும். அவர் பள்ளத்தில் உருண்டு தப்பித்தார். காதை விரித்து அது நின்ற நிலை இப்போதும் கண்ணிலேயே இருக்கிறது. யானைக் காட்டு ஓரத்தில் வேட்டைக்கு என்றில்லை, துணைக்குக்கூட நாய் கூட்டிப் போகாதீர்கள்.

அரூர் பழைய கிளார்க்

மாரண்டஹள்ளி நண்பருக்கு. அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டிய பதில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. வேட்டை என்றால் கொல்வது மட்டும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். துரத்துவது, ஓட்டுவது, கண்ணி வைப்பது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். முயல் கையில் சிக்காவிட்டாலும், நாயை அவிழ்த்து அதன் பின்னால் விட்ட நொடியிலேயே குற்றம் ஆகிவிட்டது.

அடுத்தது, நிலம் யாருடையது என்கிற கேள்வி. முயலும் காட்டுப்பன்றியும் 2022 திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் இரண்டாம் பட்டியலில், அதாவது பாதுகாக்கப்படும் விலங்குகளில், இருக்கின்றன. அந்தப் பாதுகாப்பு விலங்கோடு கூடவே நடக்கிறது. காப்புக்காட்டிலும் புறம்போக்கிலும் உங்கள் சொந்தப் பட்டாவிலும் அது ஒன்றுதான். நீங்களே கூப்பிட்டு அனுமதி கொடுத்திருந்தாலும் அவர்கள் முயல் பிடிக்க முடியாது. நிலம் மாறினால் மாறுவது தண்டனை. வெளியில் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அதே முயலைச் சரணாலயத்துக்குள் பிடித்தால் குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகும். தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டத்தில் இப்போது சரணாலயம் கொஞ்சமா நஞ்சமா? காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இல் வந்தது. 2022 நவம்பரில் காவிரி தெற்குச் சரணாலயம் 686 சதுர கிலோமீட்டருக்கு மேல் அறிவிக்கப்பட்டது. நேற்று வரை சாதாரணக் காப்புக்காடு என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடம் பல இன்று சரணாலயம். எல்லைக் கல் அதே கல்தான், அதனால் யாருக்கும் உறைப்பதில்லை.

நாய் வளர்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய்க்கான ஊசியும் சேர்த்துப் போடுங்கள். ஊர் நாயிடமிருந்து அந்த நோய் செந்நாய்க்குப் போனால் கூட்டமே அழியலாம். கோணி ஊசியால் தைக்காதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். பன்றித் தொல்லை இருந்தால் நாயைத் தேடாதீர்கள். படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சேதத்துக்குச் சான்று வாங்கி, வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியை வனத்துறைப் பணியாளர்கள்தான் சுட முடியும். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடுவார்கள். ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டும் கிடையாது.

என் அனுபவம் சின்னதுதான். தீர்த்தமலைப் பக்கம் விடியற்காலையில் பைக்கில் போகும்போது, சாக்குப் பையிலிருந்து ஒரு முயலின் பின்னங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பையைப் பிடித்திருந்தவன் பள்ளிக்கூடச் சட்டை போட்டிருந்தான்.

அஞ்செட்டி பட்டி வீடு

சட்டம் எழுதியவர் எழுதியது சரிதான். ஆனால் நாய் என்றாலே வேட்டை நாய் என்று முடிவு கட்டுகிறார்கள், அதில் அடிபட்டது நாங்கள்.

எங்கள் மாமாவுக்கு ஆலம்பாடி மாடுகள். தாத்தா காலத்திலிருந்து காட்டுக்குள் பட்டி போட்டு மேய்த்தவர்கள். பட்டிக்கு நாய் வேண்டும். அது முயல் பிடிக்கப் பழக்கிய நாய் இல்லை. ராத்திரி சிறுத்தை வந்தால் குரைக்கும், கன்றுகளை நடுவில் ஒதுக்கும், அவ்வளவுதான். 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை போட்டது ஞாபகம் இருக்கும். முதலில் எல்லாக் காட்டுக்கும் என்றார்கள். அப்புறம் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கினார்கள். எங்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, எங்கள் காடு சரணாலயம் ஆகிக்கொண்டிருந்தது.

தடை வருவதற்கு முன்பே நாய்க்குத் தடை வந்துவிட்டது. நாய் வைத்து யாரோ ஒரு கடமானைச் சாய்த்துவிட்டார்களாம். அடுத்த வாரம் சோதனைச் சாவடியில் மாமாவை நிறுத்தி, "மாடு போகட்டும், நாய் போகக்கூடாது" என்றார்கள். "இது பட்டி நாய்ங்க சாமி" என்று மாமா கெஞ்சினார். எழுபது வயது மனிதர், பேரன் வயதுப் பையனை சாமி என்கிறார். கேட்கவில்லை. மாமா நாயைக் கம்பத்தில் கட்டிவிட்டு மாட்டோடு உள்ளே போனார். மாட்டின் கழுத்து மணிச் சத்தம் கேட்கிற வரைக்கும் அது கயிற்றை இழுத்துக்கொண்டே நின்றது. பிறகு படுத்துவிட்டது. நான்தான் வீட்டுக்கு இழுத்து வந்தேன், வரவே மாட்டேன் என்றது. அந்த மழைக்காலத்தில் பட்டியில் இரண்டு கன்றுகளைச் சிறுத்தை தூக்கியது.

முயல் ஓட்டுகிற பையன்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான். அவர்கள் பைக்கில் வந்து பைக்கில் போய்விடுகிறார்கள். அவர்களால் அடைபடுகிற வழி எங்கள் வழி.

ஊத்தங்கரை மகள்

அரூர் அண்ணன் அவ்வளவு நீளமாக எழுதினார், அவிட்டுக்காய் பற்றி, அதாவது பன்றிக்கு வைக்கிற வெடி உருண்டை பற்றி, ஒரு வரி இல்லை. நாயை வைத்துப் பிடிக்கிறவனைவிட அதை வைக்கிறவன் எத்தனையோ மடங்கு மோசம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா கன்னி என்கிற வேட்டை இன நாய் வளர்த்தவர். தாத்தாவோடு வேட்டை போய்விட்டது, நாய் மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. கறுப்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. அப்பா அதற்குக் கம்பங்கூழ் ஊற்றிவிட்டுத்தான் தான் குடிப்பார். ஊரில் எங்கே முயல் அடித்தாலும் விசாரிக்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நாயின் வாயைத் திறந்து பார்த்த ஆட்களும் உண்டு.

ஒருநாள் காலையில் ஓடைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. கல் குவாரி என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது நடந்து வந்தது. ஓடி வரவில்லை, நடந்து வந்தது. கீழ்த்தாடை இல்லை. வாசலில் தன் கூழ்ச் சட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று அப்பாவைப் பார்த்தது. பன்றிக்கு யாரோ இரை வாசனையோடு வெடிமருந்தை உருண்டை கட்டி வைத்திருக்கிறார்கள். நாய் கடித்துவிட்டது. அப்பா அதன் தலையைத் துண்டால் மூடினார். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அந்த வெடியை வைத்திருந்தது ஓடைப் புறம்போக்கில். மாடு போகிற வழி, பிள்ளைகள் வெளிக்குப் போகிற இடம். வெடியும் கரண்டும் ஆள் பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளிப் பக்கம் பன்றிக்கு என்று போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டும் தாயைச் சுற்றிச் சுற்றி வந்ததை எல்லாரும் பார்த்தோம். நாய் வளர்க்கிற வீட்டை மட்டும் சந்தேகப்படுகிறவர்கள் இதையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

அரூர் பழைய கிளார்க்

ஊத்தங்கரைத் தங்கச்சிக்கு: நான் எழுதாமல் விட்டது பெரிய விஷயம்தான். அவிட்டுக்காய்க்கு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து வரும், ஆகவே காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். நாய் வேட்டையை "அதைவிட இது பரவாயில்லை" என்று எடை போட வேண்டாம். சினை முயல், குட்டி முயல் என்று நாய் பார்த்து விடுவதில்லை.

ஊத்தங்கரை மகள்

பரவாயில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை அண்ணா. திரும்பப் படியுங்கள்.

பெட்டமுகிலாளம் அடிவாரம்

அஞ்செட்டிக்காரர் சொன்ன வழி விஷயம்தான் எங்களுக்கும்.

காட்டுக்குள் எங்கள் முனியப்பன் இருக்கிறார். ஆடியில் பூஜை. அந்த ஒற்றையடிப் பாதையில்தான் எங்கள் பெண்கள் புளியும் கடுக்காயும் சீமாறுப் புல்லும் எடுத்து வருவார்கள். வெளியூர் ஆட்கள் நெற்றி லைட்டும் நாய்களுமாக ராத்திரியில் அந்த வழியாக ஏற ஆரம்பித்தார்கள். மாசி மாதம் புல்லுக்குத் தீயும் வைத்தார்கள், முயல் வெளியே வரட்டும் என்று. பாதி மலை கருகியது. அதற்கப்புறம் வனத்துறையினர் பாதையின் குறுக்கே அகழி வெட்டிவிட்டார்கள்.

நான் மறக்காதது என் பெரியம்மா அந்த அகழியின் ஓரத்தில் நின்றது. தலையில் பொங்கல் பானை, இடுப்பில் தேங்காய்ப் பை. வனக்காவலர் அந்தப் பக்கம் நின்று, "போன வாரம் இதே வழியிலதான் நாய் கூட்டம் போச்சு, யாரு எவருன்னு நான் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது பெரியம்மா?" என்றார். அவரும் நல்ல மனிதர்தான். ராத்திரியில் நாய்க்காரர்களைத் தனியாகத் துரத்திப் போய் அடி வாங்கியவர். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. பானையை அங்கேயே மண்ணில் இறக்கி, கல்லைக் கூட்டி, அகழிக்கு இந்தப் பக்கமே பொங்கல் வைத்துவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். புகை முகத்தில் அடிக்க அடிக்க ஊதினார். ஊதும்போது காவலர் அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பற்றி ஒரு வக்கீல் சொன்னார். காட்டுப் பொருள் எடுப்பது, மேய்ச்சல், வழக்கமாகப் போய்வந்த மற்ற உரிமைகள் எல்லாம் அதில் கேட்கலாமாம், சரணாலயத்துக்குள்ளும் பொருந்துமாம். வேட்டை உரிமையை மட்டும் அந்தச் சட்டமே வெளிப்படையாக விலக்கியிருக்கிறது. அது எங்களுக்குச் சம்மதம். கிராம சபையில் பேசி, சமூக உரிமைக்கான படிவம் பி எழுதிக்கொண்டிருக்கிறோம். நாய் கொண்டு வரமாட்டோம், தீ வைக்கமாட்டோம் என்று தனியாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டோம். பாதையையும் கோவிலையும் எந்த ஆதாரத்தோடு காட்டுவது என்பதில் நிற்கிறது. பெரியவர்கள் வாக்குமூலம் போதுமா, பழைய வரைபடம் வேண்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் இப்படி மனுப் போட்டு வழி வாங்கிய ஊர் எதுவாவது இருந்தால், என்ன வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். ஆடிக்கு முன்னால் தெரிந்தால் உதவியாக இருக்கும்.