எண்ணிக்கைக் கட்டணத்துக்கு எதிர்ச்சொல்: ‘குணவழிக் கட்டணம்’ சரிவருமா?

> எத்தனை சிகிச்சை என்று எண்ணாமல் தரத்தைப் பார்த்து மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறையை ‘மதிப்புசார் கட்டணம்’ எனலாமா?

வேண்டாம் ஐயா. மதிப்பு என்றதும் விலைதான் நினைவுக்கு வரும். ‘தர ஊதியம்’ என்றால் சம்பளக் கமிஷன் வாடை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பழைய முறை பீஸ் ரேட்தான், அதாவது செய்யும் வேலை ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. எக்கோவுக்கு ஒரு பில், ஆஞ்சியோவுக்கு ஒரு பில். பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போனவர் நெஞ்சுத் தையலில் சீழ் பிடித்துத் திரும்பி வந்தால் அதற்கும் ஒரு பில். வேலை கெட்டால் வரும்படி கூடுகிறது! இதற்கு ‘எண்ணிக்கைக் கட்டணம்’ போதும்.

மாற்று முறைக்கு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கைசிங்கர் என்ற மருத்துவமனைக் குழுமம் 2006-ல் தொடங்கியதைப் பாருங்கள். பைபாஸுக்கு ஒரே தொகை. 90 நாளுக்குள் அறுவையால் சிக்கல் வந்தால் செலவு மருத்துவமனையின் தலையில். கூடவே 40 வேலைகளைப் பட்டியல் போட்டு, உரிய நேரத்தில் ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, ஆஸ்பிரின் கொடுத்தாயிற்றா என்று ஒவ்வொரு நோயாளிக்கும் சரிபார்த்தார்கள். அதனால் வெறும் ‘பேக்கேஜ்’ என்று சொல்லி முடிக்க முடியாது. பேக்கேஜை ஹூஸ்டனில் இதய அறுவை நிபுணர் டென்டன் கூலி (பெயரே கூலி!) 1984-லேயே போட்டுவிட்டார்.

என் பரிந்துரை ‘குணவழிக் கட்டணம்’. குணம் என்றால் தன்மை, தரம். நோயாளியிடமும் ‘குணமாச்சா?’ என்றுதானே கேட்கிறோம்?

ஓர் இடத்தில் இடிக்கிறது. 2012 அக்டோபர் முதல் மெடிகேர் (அமெரிக்க அரசின், முக்கியமாக முதியோருக்கான மருத்துவக் காப்பீடு) போடும் அபராதம் இதயச் செயலிழப்பையும் கணக்கில் எடுக்கிறது. 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆவோர் எதிர்பார்த்ததைவிடக் கூடினால் மருத்துவமனைக்குப் பிடித்தம், 3 சதவீதம் வரை. அந்த நோய் பெரும்பாலும் முழுசாகக் குணமாவதில்லை. கால் வீங்காமல், மூச்சு வாங்காமல் பார்த்துக்கொண்டாலே பெரிய விஷயம். அங்கே ‘குணவழி’ கொஞ்சம் பொய்தான். அதை மட்டும் ‘மறுசேர்க்கைப் பிடித்தம்’ என்று பிரித்துவிடலாமா?

> என் பரிந்துரை ‘குணவழிக் கட்டணம்’.

மறுசேர்க்கைப் பிடித்தம் சரி. ‘குணவழி’யை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “டாக்டர் நல்ல குணமா பேசினா அதுக்குத் தனியா காசா?” என்று கேட்டார்கள். அப்புறம் விளக்கியதும், “அப்ப குணமாகலைன்னா தர வேண்டாமா?” என்றார்கள். இரண்டாவது கேள்வி வருகிறதே, அதனால் என் ஓட்டு இதற்கே.