கடையின் பொருள், நமது காணொளி: கட்டணத்தை எப்படிப் பேசித் தீர்ப்பது?

வெள்ளவத்தைச் சமையலறை:

வணக்கம். நான் வெள்ளவத்தையிலிருந்து தமிழில் சமையல் அலைவரிசை ஒன்றை யூடியூபில் நடத்தி வருகிறேன். புறக்கோட்டையில் வீட்டுப் பாவனைப் பொருள்கள் விற்கும் நிறுவனம் ஒன்று, தனது கிரைண்டரைப் பயன்படுத்தி ஒரு காணொளி செய்து தருமாறு கேட்டிருக்கிறது. கிரைண்டரை இலவசமாகத் தருவதோடு, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணமும் தருவதாகச் சொல்கிறார்கள். என் பார்வையாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கனடா, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் வாழும் நம்மவர்கள். அவர்கள் புறக்கோட்டைக்கு வந்து கிரைண்டர் வாங்கப் போவதில்லை என்பதை நான் சொன்னால் பேச்சு முறிந்துவிடுமோ என்று தயங்குகிறேன். இரு தரப்புக்கும் இலாபமாக இதை எப்படி அமைக்கலாம்?

விளம்பரத் துறையாள், கொழும்பு 03:

சகோதரி, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்வையாளர் எந்தெந்த நாட்டினர் என்ற விவரம், அலைவரிசைக்காரர் தம் கணக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோவில் இருப்பதை அறிந்த நிறுவனங்கள் எப்படியும் அதைக் கேட்கும்.

உங்கள் பேரத்தில் எனக்குச் சரியாகப் படாதது, பார்வைக்குப் பணம் என்ற அடிப்படைதான். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் பார்த்ததற்குப் புறக்கோட்டைக் கடைக்காரர் பணம் கொடுத்தால் அது அவருக்கு நட்டம். நீங்கள் யூடியூபின் பங்காளர் திட்டத்தில் இருந்தால், அதே பார்வையின்போது ஓடும் விளம்பரத்தின் வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு ஏற்கெனவே வருகிறது. கனடாவில் விளம்பரத்தின் விலையும் இங்குள்ளதைவிட அதிகம். எனவே வெளிநாட்டுப் பார்வைக்கான பணத்தை யூடியூபிடம் பெற்றுக்கொண்டு, நிறுவனத்திடம் உள்நாட்டு வாடிக்கையாளரைச் சென்றடைவதைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

அதற்கு வழி இருக்கிறது. உங்கள் அனுமதியோடு நிறுவனம் அந்தக் காணொளியைத் கூகுள் வழியாக விளம்பரம் கொடுக்கும் தனது கூகுள் அட்ஸ் கணக்குடன் இணைத்து, கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டும் தெரிவு செய்து, தன் செலவில் விளம்பரமாக ஓட விடலாம். பேஸ்புக், இன்ஸ்டகிராம் தளங்களிலும் இதே முறை உண்டு. டிக்டொக்கில் ஸ்பார்க் அட்ஸ் என்பார்கள். கடையின் பெயரில் வரும் விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கூட, தேங்காய் துருவிக்கொண்டு பேசும் உங்கள் முகத்தைக் கண்டால் சற்று நிற்பார்; நிறுவனம் பணம் கொடுப்பது உண்மையில் அந்த நிற்றலுக்குத்தான். ஆகவே காணொளியைத் தயாரிப்பதற்கு ஒரு கட்டணமும், அதை விளம்பரமாகப் பயன்படுத்தும் உரிமைக்குக் கால எல்லையுடன் வேறொரு கட்டணமும் கேளுங்கள். விளம்பரம் ஓட்டும் செலவு முழுவதும் அவர்களுடையது. புதிதாகத் தொடங்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லி வைக்கிறேன்: இப்படிப் பணம் கொடுத்துக் கிடைக்கும் பார்வை நேரம், பங்காளர் திட்டத்தில் விளம்பர வருமானம் பெறுவதற்கு வேண்டிய 4,000 மணித்தியாலங்களில் சேராது.

புறக்கோட்டை வியாபாரி:

மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் வெளிநாட்டுப் பார்வையாளரால் கடைக்குப் பயனே இல்லை என்பதை ஏற்க மாட்டேன். கொட்டாஞ்சேனையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் தாய்க்குத் தைப்பொங்கலுக்கு ஒரு கிரைண்டர் வாங்கி அனுப்ப விரும்பும் பிள்ளை இலண்டனில்தான் இருக்கிறார். அந்த நிறுவனத்தின் இணையத்தளம் வெளிநாட்டு அட்டையை ஏற்குமா, பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால், உங்கள் பார்வையாளருக்கென்று தனித் தள்ளுபடிக் குறியீடு ஒன்றை வாங்கி, அதன் வழியாக நடக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் உங்களுக்குப் பங்கு கேளுங்கள்.

அதேவேளை, விற்பனைப் பங்கை மட்டும் நம்பிக் காணொளி செய்யாதீர்கள். எங்கள் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் கடைக்குள் வந்து விலை பேசிக் காசு கொடுத்து வாங்குவது. உங்கள் காணொளியைப் பார்த்து வந்தவர்கூட குறியீட்டைச் சொல்ல மறந்துவிடுவார், காசாளரும் கேட்க மாட்டார். உங்களால் நடந்த விற்பனை உங்கள் பெயரில் பதியப்படாமலே போய்விடும். நிலையான கட்டணத்தில் பாதியை முற்பணமாக வாங்கிக்கொண்டு, இணைய விற்பனைக்கு மட்டும் பங்கு வைத்துக்கொள்வதே நியாயம். வியாபாரியான நானே இதைச் சொல்கிறேன்.

இன்னோர் அலைவரிசைக்காரி:

அக்கா, பதிவேற்றும்போது கட்டண விளம்பரம் அடங்கியது என்ற பெட்டியைத் தெரிவு செய்ய மறக்காதீர்கள். கிரைண்டரை மட்டும் இலவசமாக வாங்கியிருந்தாலும் அது பொருந்தும். காணொளியின் தொடக்கத்தில் சில விநாடிகளுக்கு அறிவித்தல் தோன்றும், அவ்வளவுதான். அதைச் செய்தால், போட்டி நிறுவனத்தின் விளம்பரம் உங்கள் காணொளியில் வராமல் யூடியூப் மாற்றிவிடவும் கூடும் என்பதால் அந்த நிறுவனத்துக்கும் அது நல்லது. அவர்கள் தயாரித்து வைத்திருக்கும் விளம்பரப் படத்தை அப்படியே உங்கள் காணொளிக்குள் வெட்டி ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். யூடியூப் அதை அனுமதிப்பதில்லை. பொருளைப் பற்றி இல்லாததைச் சொல்லச் சொன்னாலும் அப்படியே. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரிகள் நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது.

வெள்ளவத்தைச் சமையலறை:

அனைவருக்கும் நன்றி. நிறுவனத்திடம் பேசினேன், தயாரிப்புக் கட்டணத்துக்கு உடன்படுகிறார்கள். ஆனால் காணொளியைக் கால எல்லையின்றிப் பயன்படுத்தும் உரிமையைக் கேட்பதோடு, ஒரு வருடத்துக்கு வேறெந்த நிறுவனத்தின் சமையலறைப் பொருளையும் நான் காட்டக் கூடாது என்கிறார்கள்.

விளம்பரத் துறையாள், கொழும்பு 03:

இரண்டையும் அப்படியே ஏற்காதீர்கள். பயன்பாட்டு உரிமையை மூன்று மாதத்துக்குக் கொடுத்து, நீடிக்க விரும்பினால் மீண்டும் கட்டணம் என்று எழுதுங்கள். விளம்பரம் பலன் தந்தால் அவர்களாகவே திரும்பி வருவார்கள். தடையைக் கிரைண்டருக்கு மட்டும் சுருக்குங்கள். சமையலறைப் பொருள் என்று பொதுவாக விட்டால் ரைஸ் குக்கரும் பிளெண்டரும் அடுப்பும் அதற்குள் வந்துவிடும். சமையல் அலைவரிசைக்கு ஒரு வருட வருமானமே அடைபட்டுப் போகும். அவர்கள் விடாப்பிடியாக நின்றால், அந்த வருடத்தில் நீங்கள் இழக்கக்கூடிய வேறு விளம்பரங்களின் தொகையைக் கணக்கிட்டுக் கட்டணத்தோடு சேர்த்துக் கேளுங்கள். வெளியிடும் முன் காணொளியைப் பார்க்க அனுமதிக்கலாம், ஆனால் பொருளின் விலை, கொள்ளளவு, உத்தரவாதக் காலம் போன்ற தகவல் பிழைகளை மட்டுமே திருத்தச் சொல்லலாம் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.