மறு: சிற்றூர்ப் பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து – ‘குறையாள்’ வேண்டாம், ‘சிற்றணி’ ஆகட்டும்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர் உயர்நிலைப் பள்ளிகளில் ஆறு, எட்டு, ஒன்பது பேர் கொண்ட அணிகளாக ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்துக்கு (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) தமிழில் ஒரு பொதுப்பெயர் வேண்டும் என்று அம்மையார் எழுதிய மடலையும் அதற்கு வந்த மறுமொழிகளையும் படித்தேன். அவருடைய கலைக்களஞ்சியக் கட்டுரை அச்சுக்குப் போக வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதால் என் கருத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன். மேற்கு டெக்சஸில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வெள்ளிக்கிழமை இரவுகளில் ஊரே திரண்டு வந்து பார்க்கும் இந்த ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் இதற்கு வைக்கும் பெயர் சரியாக அமைய வேண்டும் என்ற ஆசை எனக்கு அதிகம்.

> பதினொருவரில் ஆள் குறைவதால் ‘குறையாள் கால்பந்து’ என்பதே நேர்பொருள் தருகிறது.

ஐயா, நேர்பொருள் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்தச் சொல்லை எதிர்க்கிறேன். ‘குறை’ என்று தொடங்கினாலே தமிழ்க் காதுக்கு ஏதோ ஒன்று இல்லாமற்போன உணர்வு வந்துவிடுகிறது: குறைகுடம், குறைப்பிரசவம், குறைமதி. விளையாட்டுச் செய்தியில் வந்தால் இன்னும் மோசம். சிவப்பு அட்டை காட்டி ஒருவரை வெளியேற்றியபின் மீதிப் பேரோடு ஆடும் அணியைத்தான் வாசகர் நினைப்பார். இந்த ஆட்டத்தில் ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான் முழு அணி. ஏழாவது ஆள் களத்தில் இறங்கினால் அபராதம்.

இன்னொன்று, எதிலிருந்து குறைகிறது? அமெரிக்காவில் வழக்கமான அணி 11 பேர். கனடாவில் 12 பேர். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணப் பள்ளிகளில் ஆறு பேர், ஒன்பது பேர், பன்னிரண்டு பேர் ஆட்டங்கள் மூன்றும் உண்டு. அங்கே ஒன்பது பேர் என்பது எத்தனை ஆள் குறைந்த ஆட்டம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

ஆட்டம் பிறந்த கதையைப் பார்த்தாலும் ‘குறை’ பொருந்தாது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் செஸ்டர் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்த ஸ்டீபன் எப்ளர், பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காக இதை வகுத்தார். முதல் ஆட்டம் 1934 செப்டம்பர் 26 அன்று ஹெப்ரனில் நடந்தது. ஹெப்ரனும் செஸ்டரும் சேர்ந்து ஓர் அணி. பெல்விடெரும் அலெக்சாண்ட்ரியாவும் சேர்ந்து மற்றோர் அணி. 19–19 என்று சமனில் முடிந்தது. 1938இல் டெக்சஸ் பள்ளி விளையாட்டு அமைப்பு இதை ஏற்றுக்கொண்டது. இதே எப்ளர்தான் இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்கள் படிப்பதற்காக 1946இல் வான்போர்ட் விரிவாக்க மையத்தைத் தொடங்கியவர். அதுதான் பின்னாளில் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. வாய்ப்பு இல்லாதவர்களுக்காக ஒன்றைப் புதிதாகக் கட்டித் தந்த மனிதர். அவர் கட்டியதைக் ‘குறை’ என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

விதிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டுகிறேன், ஏனென்றால் பெயருக்கான நியாயம் அங்கேதான் இருக்கிறது. பதினொருவர் ஆட்டத்தில் களம் 100 கெஜ நீளம், 53⅓ கெஜ அகலம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்வரிசையின் உட்பக்கம் நிற்கும் ஐந்து பேருக்கு முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க உரிமை கிடையாது. தடுப்பதுதான் அவர்கள் வேலை. அந்த ஐவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆறு பேர். அறுவர் ஆட்டத்தில் ஆறு பேருக்குமே பந்தைப் பிடிக்க உரிமை உண்டு. களம் 80 கெஜ நீளம், 40 கெஜ அகலம். வெட்டவெளியாகக் கிடக்கும் களத்தில் 10 கெஜம் எளிதாகிவிடும் என்பதால் 15 கெஜம் முன்னேற வேண்டும். பின்னால் வரும் பந்தை முதலில் வாங்குபவர் அதை எடுத்துக்கொண்டு நேராக ஆட்டம் தொடங்கும் கோட்டைக் கடக்கக்கூடாது. வேறொருவர் கைக்குப் பந்து மாறியிருக்க வேண்டும்.

இதைக் களத்தில் பார்த்தால்தான் புரியும். ஓர் ஆட்டத்தில் நடுவில் குனிந்து நின்ற பருத்த பையன் பந்தைக் காலிடுக்கு வழியே பின்னால் கொடுத்தான். எதிரே நின்றவனைத் தோளால் இடித்தான், இடித்த கையோடு நழுவி முன்னே ஓடினான். பந்து பின்னால் ஒருவன் கைக்குப் போய் அங்கிருந்து பக்கவாட்டில் இன்னொருவனுக்கு மாறியது. எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் போன நேரத்தில் பந்தை வாங்கியவன் அதைத் தூக்கி எறிந்தான். குனிந்து நின்றவனே திரும்பிப் பார்த்துப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணியின் கோல் கோட்டைக் கடந்தான். பதினொருவர் ஆட்டத்தில் அவனுடைய இடத்தில் நிற்கும் பையன் பருவம் முழுவதும் பந்தைப் பிடிக்காமலேயே போகலாம். களத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தன. இடைவேளையில் அணியிலிருந்த இன்னொரு பையன் தோள்கவசத்தைக் கழற்றாமலே பள்ளி வாத்தியக் குழுவில் நின்று டிரம்பெட் ஊதினான். பள்ளியில் மொத்தப் பிள்ளைகளே அவ்வளவுதான். அணியில் ஆடுவதும் வாத்தியம் வாசிப்பதும் ஒரே பிள்ளைகள்.

புள்ளிக் கணக்கும் வேறு. பதினொருவர் ஆட்டத்தில் டச்டவுனுக்குப் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டை எட்டுவதற்கு) பிறகு கூடுதல் புள்ளியை உதைத்து எடுத்தால் 1, ஓடியோ எறிந்தோ எடுத்தால் 2. அறுவர் ஆட்டத்தில் அப்படியே தலைகீழ், உதைத்தால் 2. பாய்ந்து வருபவர்களை மறிக்கப் போதிய ஆள் இல்லாமல் உதைப்பது கடினம் என்பதால் இந்த ஏற்பாடு. களத்திலிருந்து உதைத்து எடுக்கும் கோலுக்கு 3க்குப் பதில் 4.

ஆக இது தனி விதிகளும் தனி உத்திகளும் கொண்ட ஆட்டம். சிறியது என்று சொல்லலாம். குறைந்தது என்று சொல்லக்கூடாது. சிற்றுண்டி என்கிறோம், அது பாதியில் நிறுத்திய சாப்பாடு இல்லையே. அந்த வழியில்தான் ‘சிற்றணி’யை முன்வைக்கிறேன்: சிறு + அணி. சிற்றூர், சிற்றாறு, சிற்றிலக்கியம் போல இயல்பாகப் புணர்கிறது. முழுப்பெயர் ‘சிற்றணி அமெரிக்கக் கால்பந்து’. கட்டுரைக்குள் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு ‘சிற்றணி ஆட்டம்’ என்று சுருக்கலாம்.

> அணி என்றால் நகை. சிற்றணி என்றால் சின்ன நகை என்று படிக்க மாட்டார்களா?

படிக்க மாட்டார்கள், அம்மா. நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அணி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

> களம் சிறிதாவதுதான் பொது அம்சம். ‘சிறுகளக் கால்பந்து’ எனலாமே?

எல்லா வகைக்கும் இது உண்மையில்லை. மினசோட்டாவின் ஒன்பது பேர் ஆட்டக் களத்துக்கு அகலம்தான் 40 கெஜம். நீளம் அதே 100. எண்மர் ஆட்டத்திலும் மாநிலத்துக்கு மாநிலம் களத்தின் அளவு மாறுகிறது. எல்லா வகைக்கும் பொதுவானது அணி சிறிதாக இருப்பது ஒன்றுதான்.

‘நாட்டுப்புறக் கால்பந்து’ என்ற பரிந்துரையைச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். நாட்டுப்புறப் பாடல், நாட்டுப்புறக் கலை என்ற வரிசையில் அது போய் நின்றுவிடும். தவிர, டெக்சஸ் நகரங்களில் சிறிய தனியார் பள்ளிகளும் அறுவர் ஆட்டம் ஆடுகின்றன.

ஆனால் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது: ஊரைப் பற்றிய செய்தி பெயரில் இருக்க வேண்டும் என்பது. பெயரில் வேண்டாம், கட்டுரையில் கட்டாயம் வேண்டும். நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டாக்கள், மொன்டானா போன்ற சமவெளி மாநிலங்களில் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெரிதாகப் பெரிதாக, பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழுகிறது. மற்றவர்கள் ஊரைவிட்டுப் போகிறார்கள், வகுப்புகள் சுருங்குகின்றன, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைப்பு வருகிறது. பள்ளி போன ஊரில் கடைத்தெரு நிலைப்பது கடினம். ஆறு பேராலும் எட்டுப் பேராலும் ஓர் அணியைக் காப்பாற்றுவது அங்கே வெறும் விளையாட்டுச் செய்தி அல்ல. மிச்சிகனில்கூட 2011 முதல் எண்மர் ஆட்டத்துக்கு மாநில அளவிலான முறையான இறுதிச் சுற்று நடக்கிறது. அதன் இறுதிப் போட்டிகள் பல மார்கெட் நகரின் சுப்பீரியர் டோம் அரங்கில் நடந்திருக்கின்றன. டெக்சஸில் அறுவர் இறுதிப் போட்டிகளை தொழில்முறை அணியான டல்லஸ் கவ்பாய்ஸ் ஆடும் ஆர்லிங்டன் மைதானத்திலேயே நடத்துகிறார்கள். கிறிஸ்டோவல் என்ற சிற்றூரில் அறுவர் ஆட்டம் ஆடி வளர்ந்த ஜாக் பார்டி பிறகு தொழில்முறை அணிகளின் தேசிய லீகில் (என்.எஃப்.எல்.) ஆட்டக்காரராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆனார். இவையெல்லாம் கட்டுரையில் வர வேண்டும்.

இனி எண்ணுப்பெயர். அறுவர், எண்மர், ஒன்பதின்மர் என்று எழுதினேன். ‘எண்மர்’ வழக்கொழிந்தது என்று ஒருவர் கருதுகிறார். இலங்கைப் பத்திரிகைகளைப் புரட்டினால் ‘எண்மர் கைது’, ‘எண்மர் காயம்’ என்று தலைப்புகள் தாராளமாகக் கிடைக்கும். ‘அணிக்கு எழுவர் ரக்பி’ என்று எழுதுவதும் அங்கே வழக்கம். தமிழ்நாட்டில் ‘ஐவர் பூப்பந்தாட்டம்’ சுவரொட்டியிலேயே இருக்கிறது. ‘ஒன்பதின்மர்’ மட்டும் சற்றுக் கனமானது என்பதை ஏற்கிறேன். தலைப்பில் அதை வைத்துவிட்டு, உரைநடைக்குள் ‘ஒன்பது பேர்’ என்று எழுதுவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் வெறுமனே ‘அறுவர் கால்பந்து’ என்று தனியே விடக்கூடாது. ஐவர் கால்பந்து, எழுவர் கால்பந்து என்று நம் ஊரில் ஆடுவதன் தம்பி என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். அமெரிக்க என்ற அடைமொழி கூடவே வரட்டும்.

இந்த ‘–வர்’, ‘–மர்’ ஈறுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இந்த ஆட்டங்களின் பழைய பெயர் ‘சிக்ஸ்-மேன்’, ‘எய்ட்-மேன்’ என்று ஆண்களை எண்ணிச் சொல்வது. பெண் பிள்ளைகளும் ஆட வந்தபின் விதிநூல்களும் பல மாநிலங்களும் ‘ஆட்டக்காரர்’ என்ற சொல்லுக்கு மாறின. அறுவரும் எண்மரும் அந்தத் தொல்லை இல்லாமலே பிறந்த சொற்கள். ஆகவே ஆண்களையே நினைவூட்டும் ‘ஆறு வீரர்’, ‘எட்டு வீரர்’ என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துணைச் சொற்கள் சில. குனிந்து பந்தைத் தருபவரை ‘நடுவர்’ எனக்கூடாது, அது தீர்ப்புச் சொல்பவரைக் குறிக்கும். ‘மைய ஆட்டக்காரர்’ போதும். பந்து கைமாறுவதைக் ‘கைமாற்று’ என்றால் வட்டியில்லாக் கடன் ஆகிவிடும், ‘கைமாற்றம்’ சரி. இரண்டு பள்ளிகள் சேர்ந்து நிறுத்தும் அணிக்குக் ‘கூட்டணி’ என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது, ஆனால் தேர்தல் அதைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது. ‘இணையணி’ என் பரிந்துரை.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு பத்தி எழுதினேன்:

“சிற்றணி அமெரிக்கக் கால்பந்து என்பது ஆறு, எட்டு அல்லது ஒன்பது பேர் கொண்ட அணிகள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து வகைகளின் பொதுப்பெயர். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் இது பெரிதும் ஆடப்படுகிறது. அறுவர் ஆட்டத்தில் மைய ஆட்டக்காரர் உட்பட அனைவரும் முன்னெறிவைப் பிடிக்கலாம். பந்தை முதலில் பெறுபவர் கைமாற்றம் செய்யாமல் அதை ஏந்தி ஆட்டம் தொடங்கும் கோட்டைக் கடக்க முடியாது. தனி அணி அமைக்க இயலாத பள்ளிகள் இணையணியாகக் களமிறங்குகின்றன.”

உரக்கப் படித்துப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

தீராதது ஒன்று இருக்கிறது. அறுவர் ஆட்டத்தில் பாதி ஆட்டம் முடிந்த நேரத்திலோ அதற்குப் பிறகோ ஓர் அணி 45 புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அத்துடன் முடிந்துவிடும். ‘கருணை விதி’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். தோற்கும் பிள்ளைகள் மேல் இரக்கப்படுவது போன்ற தொனி எனக்கு ஒப்பவில்லை. ‘முன்முடிவு விதி’ என்றால் வேறு பொருள் வந்துவிடுகிறது. இப்போதைக்கு ‘45 புள்ளி விதி’ என்று எழுதியிருக்கிறேன். இலங்கை நண்பர்கள் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அம்மையார் மெய்ப்புத் திருத்தும்போது சேர்த்துக்கொள்வார்.

அன்புடன்,
மேற்கு டெக்சஸில் சில காலம் இருந்தவன்